வலிக்காத முறிவு

எலும்பு எளிதில் நொறுங்கும் மரபுக் கோளாறோடு பிறந்த பிள்ளைகளின் எக்ஸ்ரேக்களைப் படித்து அறிக்கை எழுதுவது என் வேலை. பெரும்பாலோருக்கு இருப்பது ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா. எலும்புக்கு உறுதி தரும் முதலாம் வகை கொலாஜன் சரியாக அமையாததால் வருவது. இதுவரை எத்தனை முறிவு என்று கேட்டால் பெற்றோர் மனப்பாடமாகச் சொல்வார்கள்: தொடை, முழங்கை, மறுபடியும் தொடை. முதுகு அந்தக் கணக்கில் வருவதே இல்லை. விழாமலே, வலிகூட இல்லாமல் முள்ளெலும்பு அமுங்கிப்போவதுண்டு.

அதனால், "முதுகு வலிக்கிறதா?" என்ற கேள்வியை மட்டும் நம்பக் கூடாது என்பது என் கட்சி. பக்கவாட்டில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். முள்ளெலும்பின் உயரத்தில் 20 சதவீதம் குறைந்தாலே முறிவு. 40ஐத் தாண்டினால் கடுமையானது. எழுத எளிது, பார்க்கக் கடினம். வளரும் பிள்ளைகளின் முள்ளெலும்பு இயல்பாகவே முன்பக்கம் சற்றுச் சரிந்திருக்கும். லேசான சரிவு எது, முறிவு எது என்று நானும் சக மருத்துவர்களும் ஒரே படத்தை வைத்துக்கொண்டு வாதாடியிருக்கிறோம்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வேறு விதமாக ஏமாற்றும். அமுங்கிய எலும்பின் பரப்பு சுருங்குவதால் அடர்த்தி எண் கூடித் தெரியும். எண்ணைப் பார்த்து வீட்டில் நிம்மதி வந்துவிடுகிறது. ஆனால் பெரிய அடியோ அந்த இடத்தில் வேறு நோயோ இல்லாமல் ஒரு முள்ளெலும்பு அமுங்கியிருந்தாலே குழந்தைக்கு எலும்புப்புரை என்று சொல்லலாம். அடர்த்தி குறைந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

"வலியே இல்லையே டாக்டர், அப்புறம் எதுக்கு ட்ரிப்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், எலும்பு கரைவதைக் குறைக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்தை முதல் தடவை ட்ரிப்பில் ஏற்றியதும் பலருக்குக் காய்ச்சல் வரும். பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு, வளர்ச்சி மிச்சமிருந்தால், தட்டையான முள்ளெலும்பு சில வருடங்களில் நிமிர்ந்து வரும். பெரியவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பதினைந்து வயதில் முதன்முறையாகப் பக்கவாட்டுப் படத்துக்கு வருபவரைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

கதிர்வீச்சு பயமும் இருக்கிறது. டெக்ஸா கருவியிலேயே பக்கவாட்டுப் படம் எடுக்கலாம். கதிர்வீச்சு மிகக் குறைவு, ஆனால் படம் அவ்வளவு துல்லியமாக இருக்காது. முதுகு வளைந்த பிள்ளைகளுக்கு அது சரிப்படாது. அவர்களுக்கு எக்ஸ்ரேயையே கேட்டு எழுதுகிறேன்.