மாசியில் இலையுதிர்த்த புங்கமரமும் இருபது பக்கக் குறிப்பேடும்

எங்கள் தெருமுனையில் நிற்கும் புங்கமரம் இந்த ஆண்டு மாசி மாதத்தின் இரண்டாம் வாரத்தில் ஏழெட்டு நாட்களுக்குள் இலை முழுவதையும் கொட்டிவிட்டு நின்றது. அதைப் பார்த்த அன்றுதான் இந்தக் குறிப்பேட்டைத் தொடங்குவதென்று முடிவு செய்தேன். மதுரையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இளவேனில் என்பது பள்ளியில் ‘சித்திரை, வைகாசி’ என்று மனப்பாடம் செய்த சொல்லாக மட்டுமே இருந்தது. அந்த மாதங்களின் வெயிலும் விடுமுறையும் அழகர் வைகையில் இறங்கும் நாளும் நினைவில் நின்ற அளவுக்கு, எந்த மரம் எந்த வாரத்தில் பூக்கிறது என்பது நினைவில் நிற்கவில்லை. ஆகவே வாரத்துக்கு ஒரு முறையாவது விடியற்காலையில் வெளியே சென்று, கண்டதைக் கண்ட இடத்திலேயே வரைந்து, நானே தைத்த ஒரு ஏட்டில் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டேன். காட்டில் எதையும் பறிப்பதில்லை என்றும், மற்ற இடங்களிலும் தரையில் உதிர்ந்ததை மட்டுமே எடுப்பது என்றும் முதல் நாளே முதல் பக்கத்தில் எழுதினேன்.

ஏட்டைத் தைப்பதற்கே இரண்டு வாரம் ஆயிற்று. ஏ4 அளவுள்ள பருத்திக் கைத்தாள் ஐந்தை எடுத்து நடுவில் மடித்தால் இருபது பக்கம் கிடைக்கும். மடிப்பைக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து, குத்தூசியால் ஐந்து துளைகள் இட்டு, தேன்மெழுகு தேய்த்த நூலால் நடுத்துளையில் தொடங்கி மேலும் கீழும் சென்று மீண்டும் நடுத்துளையிலேயே முடிச்சிட்டேன். மூன்று துளைகளே போதும் என்பார்கள். ஆனால் முதுகு இருபத்தொரு சென்டிமீட்டர் நீளம் இருந்ததால் மூன்று துளையில் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கின. இதைவிடப் பெரிய பிழை ஒன்றை முதல் தையலிலேயே செய்திருந்தேன். உலர்ந்த பூவும் இலையும் ஒட்டப்போகும் ஏடு நாளடைவில் தடிக்கும், முதுகு மெலிந்தும் விளிம்பு பருத்தும் வாய் திறந்து நிற்கும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. தையலைப் பிரித்து, ஒவ்வொரு தாளுக்கும் இடையில் இரண்டு விரல் அகலமுள்ள தாள் பட்டை ஒன்றையும் சேர்த்து மீண்டும் தைத்தேன். அந்தப் பட்டைகள் முதுகுக்குத் தடிப்பைக் கொடுத்ததால் இன்று ஏட்டை மூடினால் ஒழுங்காக மூடுகிறது.

மேலட்டைக்கு அம்மாவின் கிழிந்த சுங்குடிச் சேலையிலிருந்து ஒரு துண்டு கிடைத்தது. மதுரையின் இந்த முடிச்சுச் சாயத் துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005ஆம் ஆண்டில். எங்கள் வீட்டில் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கோடைக்கு அதுதான் சேலை. துணியை நேராக அட்டையில் ஒட்டினால் பசை ஊறி மேற்புறம் கறை படும் என்பதால், மெல்லிய தாள் ஒன்றைத் துணியின் பின்புறம் முதலில் ஒட்டிக் காயவிட வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தவர் பழைய புத்தகங்களுக்கு அட்டை கட்டும் ஒரு முதியவர். “மைதாப் பசைய வெறுமனே வச்சா பூச்சி விடாது தாயி, ஒரு துளி மயில்துத்தம் போடணும்” என்றார். துத்தம் நஞ்சு, ஆகையால் பசை காய்ச்சுவதற்கென்று தனிப் பாத்திரம் ஒன்றை ஒதுக்கி, அட்டைக்கான பசையில் மட்டும் அதைச் சேர்த்தேன். உள்பக்கங்களுக்குத் துத்தம் சேராத நீர்த்த பசையே பயன்பட்டது.

முதல் ஓவியம் முழுத்தோல்வி. கைத்தாளில் நீர்வண்ணத்தை வைத்தவுடன் அது மை ஒற்றும் தாளில் பரவுவதைப் போல நாலாபுறமும் ஓடிவிட்டது. தாளுக்கு உரிய கஞ்சிப்பூச்சு இல்லாததே காரணம் என்று புரிந்ததும், பருத்திச் சேலைக்குப் போடுவதைப் போன்ற சோற்றுக் கஞ்சியை இன்னும் நீர்க்கச் செய்து, வடிகட்டி, அகலத் தூரிகையால் தாளின் இருபுறமும் தடவி நிழலில் உலர்த்தினேன். உலர்ந்த தாள் நெளிந்து வந்தது. தையல்காரர் துணியை இஸ்திரி போடுவதைப் போல மேலே ஒரு துணி விரித்து மெல்லிய சூட்டில் தேய்த்த பிறகு படிந்தது. இந்த வேலையைத் தைப்பதற்கு முன்பே செய்திருந்தால் எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

பங்குனி பிறப்பதற்குள் புங்கமரம் மாறிவிட்டது. முதலில் செம்பு நிறத்தில், விரல் நகம் அளவுக்குத் தளிர்கள் வந்தன. அடுத்த வாரம் அவை எண்ணெய் தடவியதைப் போல மின்னும் இளம்பச்சை ஆயின. ஒரே மரத்தை ஒரே இடத்தில் நின்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வரைவதென்று ஒரு விரிபக்கத்தை ஐந்து கட்டங்களாகப் பிரித்துவைத்தேன். எளிதென்று நினைத்த அந்த இளம்பச்சைதான் இந்த மூன்று மாதத்தில் என்னை அதிகம் சோதித்தது. பெட்டியில் இருந்த பச்சையை அப்படியே வைத்தால் நெகிழித் தாம்பாளத்தின் பச்சையாக இருந்தது. எலுமிச்சை மஞ்சளில் நீலத்தை ஊசி முனை அளவும், சிவப்பை அதனினும் குறைவாகவும் கலந்தபோதுதான் தளிரின் உயிர் தாளில் வந்தது. அந்தச் சிவப்பு தேவைப்பட்டதற்குக் காரணம், இலை பச்சையான பிறகும் நரம்போரத்தில் முதல் வாரத்துச் செம்பு சற்றே மிஞ்சி நிற்பதுதான். வண்ணம் கலக்கத் தடுமாறியிராவிட்டால் அதை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

பங்குனி நடுவில் ஒரு ஞாயிறன்று மேலூர் வட்டத்தில் உள்ள அரிட்டாபட்டிக்குச் சென்றேன். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அந்த இடம், அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரண்டு ஊர்களையும் சேர்த்து ஏறத்தாழ 193 ஹெக்டேர் பரப்புள்ளது. குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், அதனினும் பழைய தமிழி எழுத்துக் கல்வெட்டு என்று ஒரு நாளில் பார்த்து முடிக்க இயலாத இடம். லகர் வல்லூறு அங்கே வாழ்கிறது என்பதால் அதைக் காணும் ஆசையோடு போனேன், காணக் கிடைக்கவில்லை. பாறை இடுக்கில் முளைத்த சிறு ஆலங்கன்று ஒன்றையும், சுனை நீரில் விழுந்த குன்றின் நிழலையும்தான் வரைய முடிந்தது.

அந்தப் பக்கத்தில் வெயிலோடு நடந்த போராட்டம் அப்படியே பதிந்திருக்கிறது. காலை ஒன்பது மணிக்கே பாறை சுட்டது. தூரிகையை எடுத்துத் தாளில் இழுத்து முடிப்பதற்குள் தொடங்கிய முனை உலர்ந்துவிட, ஒவ்வொரு இழுப்பும் விளிம்பு கட்டி, வானம் முழுவதும் கோடு கோடாக ஆகிவிட்டது. மேலைநாட்டுப் பயிற்சிக் காணொளிகளில் வண்ணம் உலரக் காத்திருக்கச் சொல்வார்கள். நம் பங்குனியில் அது உலராமல் இருக்க வழி தேட வேண்டியிருக்கிறது. பிறகு நான் கண்ட வழி இதுதான்: முழுப்பக்கத்தையும் ஒரே மூச்சில் நிறைக்க முனையாமல் உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வது, அந்த இடத்தை முதலில் வெறும் நீரால் நனைத்துக்கொள்வது, ஏட்டின் மேல் குடை நிழலாவது விழும்படி உட்காருவது. கல்வெட்டின்மேல் தாளை வைத்துக் கரித்துண்டால் தேய்த்துப் படியெடுக்கலாமே என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது உண்மை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட எழுத்தில் கை வைக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பதால், எட்ட நின்று கண்ணால் பார்த்து நான்கு எழுத்துகளை மட்டும் வரைந்துகொண்டேன். தேய்த்தெடுக்கும் ஆசையை வீட்டுக்கு வந்து அரசிலையின் நரம்புகளில் தீர்த்துக்கொண்டேன். அது மிக நன்றாக வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பக்கம் பூவரசம்பூவினுடையது. வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் நடக்கப் போன இடத்தில் ஒரு பூவைக் குறித்துவைத்துக்கொண்டு, ஒரே நாளில் மூன்று முறையும் மறுநாள் காலையில் ஒரு முறையும் சென்று வரைந்தேன். காலையில் வெளிர்மஞ்சள், உள்ளே அரக்குநிறக் கண். பகலில் மஞ்சள் அழுத்தமாகிறது. மாலையில் இதழ் சுருங்கிச் சிவப்பு ஏறுகிறது. மறுநாள் ஊதா கலந்த செம்மையோடு வாடித் தொங்குகிறது. சிறுவயதில் இதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியதுண்டு. பூ ஒரே நாளில் இத்தனை நிறம் மாறுவதை அன்றெல்லாம் பார்த்ததே இல்லை.

பூக்களை உலர்த்துவதில் ஒரு வழக்கம் பிடிபட்டது. பழைய செய்தித்தாள் மடிப்புக்குள் பூவை வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி, முதல் நான்கு நாட்கள் தினமும் தாளை மாற்ற வேண்டும். மதுரைக் காற்றில் ஈரம் குறைவு என்பதால் சிறு பூக்கள் ஒரு வாரத்திலேயே காய்ந்துவிடுகின்றன. இந்த முறைக்கு அடங்காத பூ இலுப்பை. அம்மாவின் ஊர்க் கோயிலடியில் விடியற்காலையில் உதிர்ந்து கிடந்த பூக்களை அள்ளி வந்து மற்றவற்றைப் போலவே மடித்துவைத்தேன். சதைப்பற்றுள்ள, சர்க்கரை நிறைந்த பூ அது. ‘ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்று சும்மாவா சொன்னார்கள்? மூன்றாம் நாள் புத்தக அடுக்கைச் சுற்றி எறும்புச் சாரை. பூக்கள் கறுத்துக் கூழாகி, அருகில் உலர்ந்துகொண்டிருந்த புங்கம்பூக்களையும் கெடுத்துவிட்டன. இலுப்பைக்கு இனி ஓவியம் மட்டுமே என்று குறித்துவைத்தேன்.

சித்திரை முதல் நாளுக்கு முந்தைய வாரம் மொட்டைமாடியில் அம்மா வேப்பம்பூவைக் காயவைத்திருந்தார். பச்சடிக்கும் ரசத்துக்கும் ஆண்டு முழுவதும் அதுதான். “வரையறதுக்கு ஒரு பிடி எடுத்துக்கிறேன்மா” என்றேன். “எடுத்துக்கோ, மிச்சத்தக் கொட்டிராத” என்றார். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது ஐந்து வெண்ணிற இதழ்களுக்கு நடுவில் மகரந்தத்தாள்கள் ஒன்றாகக் கூடிச் சிறு குழலாக நிற்பது தெரிந்தது. ஒரு விரல் நகத்தில் அடங்கும் பூவை முழுப்பக்க அளவில் வரைந்தேன். வெள்ளைத் தாளில் வெண்பூவை வரைவதற்குப் பின்னணிதான் வழி என்பதால், அதற்கு மஞ்சள்பொடிக் கரைசலைத் தீற்றினேன். ஓரத்தில் சுண்ணாம்பு நீரைத் தொட்டுவைத்த இடமெல்லாம் குங்குமச் சிவப்பானது. ஆரத்தித் தட்டில் பார்த்ததையே ஏட்டில் பார்த்தபோது பெருமகிழ்ச்சி. ஆனால் மஞ்சள் வெளிச்சத்துக்கு நிற்காது. அதே கரைசல் பூசிய தாள் கீற்று ஒன்றைப் பாதி மறைத்து ஜன்னலில் பத்து நாள் வைத்துப் பார்த்தேன். மறைத்த பாதி மஞ்சளாகவே இருக்க, வெயில் பட்ட பாதி ஏறக்குறைய வெளுத்துவிட்டது. ஏடு மூடியே இருக்கும் என்பதால் அந்தப் பக்கத்தை மாற்றவில்லை. வெளுத்த கீற்றையும் அதன் ஓரத்திலேயே ஒட்டிவைத்தேன்.

எழுதுவதற்கான மையையும் வீட்டிலேயே செய்தேன். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கடுக்காயை நசுக்கி இரவு முழுவதும் ஊறவைத்து, கொதிக்கவைத்து வடிகட்டி, புளிக்காடியில் ஊறிய துருப்பிடித்த ஆணிகளின் நீரை அதில் சொட்டுச் சொட்டாக விட்டால், பழுப்பு நீர் கண்ணெதிரே கருநீலமாகிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து தரும் கறுப்பு அது. இரும்பு மிகுந்தால் நாளடைவில் தாளையே அரித்துவிடும் என்பதால் நிறம் பிடித்தவுடன் நிறுத்திவிட வேண்டும். எழுதும்போது வெளிறித் தெரிந்த எழுத்து மறுநாள் காலையில் கறுத்திருப்பதைக் காண இன்றும் முதல் வேலையாக ஏட்டைத் திறக்கிறேன்.

கொன்றை சித்திரையில் பூத்தது. சங்கப் பாடல்களில் அது முல்லை நிலத்துக்கும் கார்காலத்துக்கும் உரிய மலர். எங்கள் பகுதிச் சாலையோரத்திலோ மழைக்கு முந்தைய கடும் வெயிலில்தான் சரஞ்சரமாகத் தொங்குகிறது. வரைகையில், பத்து மகரந்தத்தாள்களில் மூன்று மட்டும் நீண்டு வளைந்திருப்பதைக் கண்டேன். முழுச்சரத்தையும் அழுத்தி உலர்த்தியபோது இதழ்கள் கழன்று கொட்டிவிட்டன. ஆகவே அவற்றைத் தனித்தனியாக உலர்த்தி, எண்ணெய்த்தாளில் மடித்த சிறு உறைக்குள் போட்டுப் பக்கத்தில் ஒட்டினேன். ஏட்டைத் திருப்பும்போது உறைக்குள் இதழ்கள் நகரும் ஓசை கேட்கிறது.

அதே நாட்களில் புங்கமரம் நான்காம் கட்டத்துக்கு வந்திருந்தது. வெண்மையில் ஊதா கலந்த பூக்கள் இரவெல்லாம் உதிர்ந்து தெருவை நிறைத்தன. புன்கம்பூ உதிர்ந்த மணலை, முருகனுக்காக வேலன் ஆடும் வெறியாட்டில் நெற்பொரி சிதறிய களத்துக்கு ஒப்பிடும் பழம்பாட்டு ஒன்று உண்டு. குனிந்து பார்த்தால் பொரியேதான். தெருவைப் பெருக்கும் அக்கா நான் வரைந்து முடிக்கும் வரை அந்த மூலையை விட்டுவைத்தார்.

வைகாசி இரண்டாம் வாரத்தில் இருபதாம் பக்கமும் முடிந்தது. புங்கமரத்தின் ஐந்தாம் கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அதில் முற்றிய காயை வரைய வேண்டும். இப்போது கிளையில் தெரிவது பச்சைப் பிஞ்சுதான். அது முற்றிக் காய்ந்து பழுப்பாக ஏறக்குறைய பத்து மாதம் ஆகும் என்பதால், மரம் மீண்டும் இலையுதிர்க்கும் அடுத்த மாசியில்தான் அந்தக் கட்டத்துக்கு வண்ணம் கலக்க வேண்டும்.