வெள்ளையனுக்குக் காது கேட்காது

கடந்த தை மாதம் பாளையங்கோட்டையைத் தாண்டியுள்ள ஒரு நாய்க் காப்பகத்துக்குப் போனபோது எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: மூட்டுவலியோடு சுவரைப் பிடித்து நடக்கும் 74 வயதான என் அம்மாவின் மேல் பாய்ந்து ஏறாத, சாதுவான பெரிய நாய். கம்பித் தடுப்புகளுக்குள் அத்தனை நாய்களும் சேர்ந்து குரைத்துக்கொண்டிருக்க, கடைசி அறையில் ஒரு வெள்ளை இராஜபாளையம் மட்டும் முன்னங்கால்களின் மேல் தாடையை வைத்துப் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பராமரித்து வந்த பெண், "இவன் ரொம்ப சாது அண்ணாச்சி. வந்து 8 மாசம் ஆச்சு, யார்கிட்டயும் வம்புக்குப் போனது கெடையாது" என்றார். காவலுக்கு ஆகவில்லை என்று சொல்லி யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்களாம். வயது 6 இருக்கலாம் என்றும், கருத்தடை அறுவை சிகிச்சையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்துவிட்டன என்றும் சொன்னார். படிவத்தை நிரப்பி, ஆதார் நகலைக் கொடுத்து, அவர்கள் ஒருமுறை எங்கள் வீட்டை வந்து பார்த்துப் போன பிறகு, அடுத்த வாரம் அவன் திருநெல்வேலி டவுனில் ரதவீதிக்குப் பின்புறச் சந்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். வெள்ளையன் என்று அம்மா பெயர் வைத்தார்.

மூன்றாம் நாள் காலையில் அம்மாவின் கை தவறி அடுப்படியில் ஒரு பெரிய எவர்சில்வர் ஏனம் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பூனை மதிலேறி ஓடியது. நானே திடுக்கிட்டுப் போனேன். வீட்டின் கூடமான பட்டாசலில் முகத்தை வாசல் பக்கம் திருப்பிப் படுத்திருந்த வெள்ளையனின் காது மடல்கூட அசையவில்லை. அவன் விழித்துத்தான் இருந்தான். இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த மருத்துவர் அவன் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கியும் கைதட்டியும் பார்த்துவிட்டு, பிறவியிலேயே காது கேட்காமல் இருந்திருக்க வேண்டும் என்றார்.

இது இராஜபாளையம் நாய்களில் அறியப்பட்ட குறை என்பது அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முடிக்கும் தோலுக்கும் நிறம் தருகிற அதே நிறமிச் செல்கள் உட்காதிலும் இருக்கின்றன; ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் உயிரோடிருக்கத் தேவையான சூழலை அங்கே காத்து வருபவை அவைதாம். அவை இல்லாத குட்டிக்குப் பிறந்த சில வாரங்களுக்குள் அந்த நுண்மயிர்ச் செல்கள் அழிந்துவிடுகின்றன, திரும்ப முளைப்பதும் இல்லை. ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் உயர்ந்த சாதிக்கு அடையாளம் என்று சொல்லி வாங்குகிறோம், அப்படியே பார்த்துப் பார்த்து இனம் சேர்க்கிறோம். 2005-இல் அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டுப் பெருமை செய்த நான்கு இந்திய நாயினங்களுள் இதுவும் ஒன்று. சங்கரன்கோவிலைத் தாண்டினால் வந்துவிடுகிற நம் பக்கத்து ஊர் நாய். அந்தப் பெருமை நமக்கு உண்மையாகவே இருக்குமானால், குட்டி விற்பவர்கள் 6 வாரக் குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தாவது விற்க வேண்டும், காது கேட்காத நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. ஒலி கேட்காததால் குரைக்காமல் இருந்த நாயைக் காவலுக்கு ஆகாதது என்று கைவிட்டது எனக்கு இன்றும் ஆறவில்லை.

பழக்குவதற்கு நான் நினைத்த அளவுக்குச் சிரமப்படவில்லை. உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டினால் உட்கார வேண்டும், மார்பில் தட்டிக்கொண்டால் வர வேண்டும் என்பதை அவித்த முட்டைத் துண்டுகளை வைத்து 20 நாட்களில் கற்றுக்கொண்டான். இருட்டிய பின் புறவாசலில் நிற்பவனை உள்ளே கூப்பிட விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுகிறேன். எழுப்புவதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். காது கேட்காத நாயைத் தூக்கத்தில் திடீரென்று தொட்டால், எவ்வளவு சாதுவாக இருந்தாலும் பதறிக் கடித்துவிடக்கூடும். நான் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து புறங்கையை மூக்கருகே நீட்டிக் காத்திருப்பேன். முதலில் மூக்கின் ஓரம் துடிக்கும், பிறகு ஒரு கண் மட்டும் திறக்கும், அது என் கைதான் என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டுவிட்டு வாலைத் தரையில் ஒருமுறை தட்டுவான். காலை 5 மணிக்குத் தாமிரபரணிக் கரையிலுள்ள குறுக்குத்துறைக்கு நடக்கப் போகும்போது எவ்வளவு திறந்தவெளியானாலும் கயிற்றை அவிழ்ப்பதில்லை. ஓடத் தொடங்கினால் கண்மூடித் திறப்பதற்குள் படித்துறையைத் தாண்டிவிடுகிற இனம் இது. பின்னால் வரும் வண்டியின் ஓசையும் அவனுக்குக் கேட்காது.

சாப்பாட்டு விஷயத்தில்தான் அம்மாவுக்கும் எனக்கும் வாக்குவாதம். ஞாயிற்றுக்கிழமை சொதிச்சோற்றில் அவனுக்கும் ஒரு பங்கு வைக்க வேண்டும் என்பார். சொதியில் கிடக்கும் வெங்காயம் நாய்களின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் நான் விடுவதில்லை. தயிர்ச்சோறும் வேகவைத்த கோழியுமே அவனுக்கு. தட்டை வைக்கும்போதெல்லாம் அம்மா, "வெள்ளையா, வாய்யா ராசா" என்று வாய்விட்டுக் கூப்பிட்ட பிறகே மார்பில் தட்டிக்கொள்வார். அவனுக்குத்தான் கேட்காதே என்று ஒருநாள் சொன்னேன். "எனக்குக் கேக்குதுல்லா" என்றார்.

இரவில் அவன் தன் மெத்தையில் படுப்பதில்லை. வீட்டின் முன்பகுதியான தார்சாவில் வாசற்கதவோடு முதுகை ஒட்டி வைத்துப் படுத்துக்கொள்கிறான்; யார் கதவைத் தொட்டாலும் அந்த அதிர்வு அவன் முதுகுக்கு வந்துவிடும். ஆனித் தேரோட்டத்தன்று சந்து முழுவதும் வெடிச்சத்தம்; தெருநாய்கள் கிடைத்த வண்டிகளுக்கு அடியிலெல்லாம் புகுந்துகொண்டன. அப்போதும் அவன் அதே இடத்தில் உறங்கிக்கொண்டுதான் இருந்தான். நெல்லையப்பர் தேர் ரதவீதியில் எங்கள் சந்து முனையை நெருங்கியபோது எழுந்து, நான்கு கால்களையும் சற்று அகட்டி ஊன்றி, தலையைத் தாழ்த்தித் தரையையே பார்த்து நின்றான். அம்மா நாற்காலியில் இருந்தபடி அவன் முதுகின் மேல் கையை வைத்துக்கொண்டார். தேர் கடந்து போன பிறகு ஒருமுறை உடலை உதறிவிட்டு, மறுபடியும் கதவில் முதுகைச் சாய்த்துப் படுத்தான்.