ஏஇசட் எடுத்தாச்சு, எண்ணெய் வயலுக்கு எப்போது போகலாம்?
ஏஇசட் (கனடாவின் ஒன்ராறியோ மாகாணக் கனரக டிரக் லைசன்ஸ்) எடுத்தவர்களிடமிருந்து இன்பாக்ஸில் திரும்பத் திரும்ப அதே கேள்வி: "அண்ணா, ஏஇசட் லைசன்ஸ் எடுத்திட்டன், அல்பேர்ட்டா எண்ணெய் வயலில டிரக் ஓட வேலை கிடைக்குமா?" கிடைக்கும் தம்பிமாரே, ஆனால் மார்ச் முடிவில் பெட்டி கட்டிக்கொண்டு போகாதீர்கள். பனி உருகி நிலம் சேறாகும் காலத்தில் கனரக வண்டிகளுக்கு வீதிக் கட்டுப்பாடு வந்துவிடும், ரிக்குகள் (எண்ணெய்க் கிணறு துளைக்கும் இயந்திரங்கள்) நிற்கும், வருடக்கணக்காக ஓடுகிறவர்களே வீட்டில் இருப்பார்கள். சதுப்பு நிலம் உறைந்து இறுகும் குளிர்காலம்தான் சீசன், அதனால் செப்டம்பர், ஒக்டோபரிலேயே விண்ணப்பியுங்கள்.

விளம்பரத்தில் இரண்டு வருட அனுபவம் கேட்பது பெரும்பாலும் கம்பனிக்கு இன்சூரன்ஸ்காரர் போடும் நிபந்தனையால்தான். கச்சா எண்ணெய் டேங்கரைப் புதியவரிடம் லேசில் தரமாட்டார்கள் (பாதி நிரம்பிய டேங்கர், பிரேக் பிடித்த பிறகும் உள்ளே இருக்கும் திரவத்தால் முன்னுக்குத் தள்ளும், அது வேறு கலை). தண்ணீர் வண்டி, வாக்யூம் டிரக் (திரவத்தையும் சேற்றையும் உறிஞ்சி ஏற்றும் வண்டி) கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் ஸ்வாம்பர், அதாவது டிரைவருக்கு உதவியாள். ஹோஸ் இழுக்கிற வேலைதான், கௌரவம் பார்த்தால் சரிவராது.

போகுமுன் முதலுதவிச் சான்றிதழும் எச்டூஎஸ் அலைவ் (ஹைட்ரஜன் சல்பைட் என்ற நச்சு வாயுவிலிருந்து தப்பும் பயிற்சி) சான்றிதழும் எடுத்துவிடுங்கள், பின்னது 3 வருடத்துக்குச் செல்லுபடியாகும். அந்த வாயு அழுகிய முட்டைபோல் நாறும், ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற இடத்தில்தான் ஆள் விழுவார். கனடாவில் கஞ்சா 2018இலிருந்து சட்டப்படி சரி, ஆனாலும் வேலைக்கு முந்திய சோதனையில் அகப்பட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது.

அப்புறம், அல்பேர்ட்டாவில் எண்ணெய்க் கம்பனிகள் இருக்கும் நிஸ்கு, கிராண்ட் பிரெரி பக்கம் நேரில் போய் ரெசுமேயும் டிரைவர் அப்ஸ்ட்ராக்டும் (உங்கள் ஓட்டுநர் பதிவு அறிக்கை) கொடுங்கள். டயருக்குச் சங்கிலி மாட்டத் தெரியுமா என்று கேட்பார்கள், யூடியூப்பில் பார்த்தது கடுங்குளிரில் உதவாது, மாட்டிப் பழகிவிட்டுப் போங்கள்.