ஒரு காதில் மட்டும் பாட்டு கேட்கிறதா?

ஹெட்ஃபோன் வயரின் நுனியில் இருக்கும் ஜாக்கைக் கொஞ்சம் திருகினால் மறு காதிலும் பாட்டு வருகிறது என்றால், ஹெட்ஃபோன் வயர் போய்விட்டது என்றுதான் எல்லோரும் முடிவு கட்டுவார்கள். புதுசு வாங்குவதற்கு முன்னால் மியூசிக் பிளேயரின் ஹெட்ஃபோன் ஓட்டைக்குள் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். பாக்கெட்டில் கிடக்கும் நூலும் தூசியும் அந்த 3.5 மி.மீ. ஓட்டைக்குள் போய்ச் சேர்ந்துவிடும், நாம் ஒவ்வொரு தடவை ஜாக்கைச் செருகும்போதும் அடியில் இன்னும் இறுகும், கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வில்லை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். ஜாக்கின் நுனி இடது காதுக்கு, அதற்கடுத்த வளையம் வலது காதுக்கு. முழுசாக உள்ளே போகாமல் கொஞ்சம் தள்ளி நின்றாலே ஏதாவது ஒரு பக்கம் போச்சு. செருகும்போது ‘டக்’கென்று உட்காராமல் மெத்தென்று நின்றால் அடியில் இருப்பது அந்தத் தூசி வில்லைதான்.

பிளேயரை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் ஓரத்திலிருந்து மெதுவாக நெம்பி எடுங்கள். ஊசி, ஊக்கு எல்லாம் வேண்டாம், உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் வளைந்துவிடும். வாயால் ஊதுவதும் எனக்குப் பிடிக்காது, தூசி வெளியே வருவதைவிட எச்சில் உள்ளே போவதுதான் அதிகம்.

பழைய பிளேயர்களில் இன்னொரு தொல்லை, ரப்பர் பூச்சு. நாள்பட டிராயரில் கிடந்ததை எடுத்தால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். அது அழுக்கில்லை, பூச்சே சிதைந்துபோயிருக்கிறது, அதனால் ஈரத்துணியால் எவ்வளவு துடைத்தாலும் போகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்தால் பூச்சு உரிந்து வரும் (அச்சடித்த எழுத்துகளும் சேர்ந்து போகலாம், போகட்டும்). அதே துணியைத் திரைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், விரல் ரேகை படியாமலிருக்கப் பூசிய படலம் போய்விடும். திரைக்கு லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் துணி போதும்.

அப்புறம் பேட்டரி. ஆப்பிள் 2022 மே மாதம் தன் ஐபாட் மியூசிக் பிளேயருக்கே மூடுவிழா நடத்திவிட்டது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதான். கொஞ்ச காலம் தொடப்போவதில்லை என்றால் லித்தியம் பேட்டரியை முழுசாக ஏற்றியோ காலியாகவோ வைக்காமல், பாதி சார்ஜில், சூடில்லாத இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, இறங்கியிருந்தால் மறுபடி பாதிக்கு ஏற்றினால் சரி. திரை ஓரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? பேட்டரி உப்பிவிட்டது. அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள், பேட்டரி மாற்றத் தெரிந்தவரிடம் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.