அம்மாவின் நகம்

அக்டோபர் 9

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் மூன்று நாளாகச் சாயங்கால மழை. வேலை முடிந்து வந்து பின்பக்கம் போனால், கறிவேப்பிலைக் கன்றின் அடித்தண்டு பழுப்பாகியிருக்கிறது. போன மாதம்கூடப் பச்சையாக இருந்த தண்டு. மேலே பொடிப்பொடியாக வெளிர்ப் புள்ளிகள் வேறு. பதறிப்போய்க் கடையில் செம்பு கலந்த பூஞ்சை மருந்து ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். விலையை அம்மாவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 10

மருந்தைக் கரைக்க வாளியைத் தேடும்போது அம்மா பிடித்துக்கொண்டார். குனிந்து, தண்டைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கீறினார். பழுப்புத் தோலுக்கு அடியில் பளிச்சென்று ஈரப் பச்சை. "மரமாகுதுய்யா, இதுக்குப் போயி மருந்தா?"

தண்டு பருக்கும்போது மேலிருக்கும் மெல்லிய பச்சைத் தோலால் ஈடுகொடுக்க முடியாது; வெடித்துவிடும். அதற்குப் பதிலாகத் தக்கை போன்ற பட்டை உருவாகி உள்ளே இருக்கும் ஈரத்தைக் காக்கிறது. அந்தப் புள்ளிகள் தண்டு மூச்சுவிடும் துளைகள். நான் மருந்தடிக்க இருந்தது அவற்றின் மேல்தான்.

கோலகங்சாரில் 1877-இல் நட்ட பால்மரம் (ரப்பர் மரம்) ஒன்று இன்னும் நிற்கிறது. அதைப் பார்த்து யாரும் தண்டு பழுப்பாகிவிட்டதே என்று பதறுவதில்லை.

அக்டோபர் 11

இந்த நகவித்தை எங்கே படித்தது என்று கேட்டேன். தோட்டத்தில் பால்மரக் கன்றுகளுக்கு ஒட்டுக்கட்டும் வேலை சில வருடம் பார்த்திருக்கிறார். நல்ல ஜாதி மரத்தின் பழுப்பேறிய கம்பிலிருந்து, துளிர்விடும் கண்ணோடு பட்டையை உரித்து, கன்றில் வைத்துக் கட்டுவார்களாம். மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்து, ஒட்டிய பட்டையைக் கொஞ்சம் கீறிப் பார்ப்பார்கள். பச்சை என்றால் பிடித்துவிட்டது, கறுத்திருந்தால் போச்சு. "ஒரு நாளைக்கு எத்தனை கீறியிருப்பேன்னு கணக்கே இல்ல."

அக்டோபர் 17

நல்ல செடிக்கு மருந்து தேடிய நேரத்தில் மிளகாய்ச் செடியைக் கவனிக்காமல் விட்டேன். காலையில் இலையெல்லாம் துவண்டு கிடந்தது. தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு சொம்பு ஊற்றினேன். சாயங்காலம் பார்த்தால் இன்னும் மோசம்.

மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டைச் சுற்றிக் கரும்பழுப்பாக ஒரு வளையம். அழுத்தினால் விரல் உள்ளே அமுங்கியது. கீறினேன், பச்சையே இல்லை. தொட்டியைக் கவிழ்த்ததும் சாக்கடை நாற்றம். ஒரு வேரைப் பிடித்து இழுத்தால் தோல் மட்டும் வழுக்கிக் கையோடு வந்தது. நடுவில் நூல் மாதிரி ஒரு நரம்பு மிச்சம்.

தொட்டிக்கு அடியில் நான் வைத்த தட்டு. அதில் எப்போதும் தண்ணீர். வேருக்குக் காற்றில்லை. பைட்டோப்தோரா போன்ற கிருமிகளின் வித்துகள் மண்ணீரில் நீந்தியே வேரைத் தேடி வரும். அந்த இனத்தைச் சேர்ந்ததுதான் மழைக்காலத்தில் பால்மரத்தில் பால் எடுக்க வெட்டிய பட்டையையும் அழிக்கும். அங்கே மருந்து தடவிய அனுபவம் அம்மாவுக்கு உண்டு. "இதுக்குத் தடவி என்னா ஆகப்போகுது, தூக்கிப் போடு" என்றார். மண்ணையும் சேர்த்தே போட்டேன்.

அக்டோபர் 19

தட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். தொட்டிகளை இரண்டிரண்டு செங்கல் மேல் ஏற்றினேன். புது மிளகாய்க் கன்றுக்கு மண்ணோடு மணலும் கருக்கிய உமியும் கலந்தேன். தண்டைச் சுற்றிக் குவித்து வைத்திருந்த காய்ந்த இலையை ஒரு சாண் தள்ளிப் போட்டேன். இனி விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர்.

அக்டோபர் 26

ரோஜாவின் ஒரு கிளை நுனியிலிருந்து கீழே காய்ந்துகொண்டு வருகிறது. போன மாதம் பூப்பறிக்கும்போது மொண்ணைக் கத்தரியால் நசுக்கி விட்ட இடம் அது. கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினேன். உள்ளே பழுப்பு, மறுபடி பழுப்பு, நாலாவது வெட்டில் வெள்ளை. அதற்குக் கீழே இருந்த கண்ணுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி நிறுத்தினேன். வெட்டியதைக் குப்பையில் போட்டேன், செடியடியில் அல்ல.

நவம்பர் 8

ரோஜாவில் அந்தக் கண்ணிலிருந்து சிவப்பாக ஒரு துளிர். மிளகாய்க் கன்றில் கிளை பிரியும் இடம் கறுத்திருந்தது. அழுத்தினேன், கல் மாதிரி இருந்தது, சரி என்று விட்டுவிட்டேன். கறிவேப்பிலையை மட்டும் சும்மா இன்னொரு முறை கீறினேன்.

"போதும்ய்யா, அதுக்குத் தோலே மிஞ்சாது" என்று உள்ளேயிருந்து சத்தம்.