களிமண் குழிகள்: ஜூன் குறிப்புகள்

ஜூன் 4
பிரெஞ்சு அறிஞர் எமிலி து ஷாத்லே 1740-இல் வெளியிட்ட இயற்பியல் நூலில், கருதுகோள் பற்றிய அத்தியாயத்தைத் தாண்டி நகர முடியவில்லை. ஒத்துவரும் ஒரு சோதனையை வைத்துக் கருதுகோளை ஏற்கக் கூடாது; தள்ளுவதற்கு முரணான ஒன்றே போதும் என்கிறார். கருதுகோளே ஆகாது என்று நியூட்டன் பக்தர்கள் முழங்கிய காலத்தில், சாரம் கட்டாமல் கட்டடத்தை எப்படிக் கட்டுவது என்று கேட்டவர்.

ஜூன் 5
போன் வரவில்லை.

ஜூன் 6
ஓடும் பொருளின் வலுவை எதால் அளப்பது? நியூட்டன் கட்சிக்கு உந்தம் (நிறை × வேகம்), லைப்னிட்ஸுக்கு நிறை × வேகத்தின் வர்க்கம். இதற்காக டச்சு இயற்பியலாளர் ஸ்கிராவசாண்டே லைடனில் 1722-இல் செய்த சோதனை: ஒரே அளவு, வெவ்வேறு எடை கொண்ட பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் விழவிட்டார். இன்று செய்ய 25 மி.மீ. எஃகுக் குண்டு (சுமார் 64 கிராம்), அதே அளவில் அலுமினியம் (22 கிராம்). எஃகு 50 செ.மீ. உயரத்திலிருந்து, அலுமினியம் 145 செ.மீ.யிலிருந்து. எடை × உயரம் இரண்டுக்கும் ஒன்றே. லைப்னிட்ஸ் சொன்னபடி குழிகள் ஒத்துப்போகும். உந்தம்தான் கணக்கு என்றால் எஃகின் குழி வெகுவாகப் பெரிதாக வேண்டும். அதன் உந்தம் 1.7 மடங்கு. ஸ்கிராவசாண்டே நியூட்டன் கட்சிக்காரர். குழியைப் பார்த்ததும் லைப்னிட்ஸ் பக்கம் போய்விட்டார். அந்த நேர்மைக்கே ஒரு கும்பிடு.

கையால் விட்டால் குண்டு சுழலும். நூலில் கட்டித் தொங்கவிட்டு நூலை எரிக்க வேண்டும். மண்ணுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் குழி ஆழமாகும். தட்டு ஆழமில்லாவிட்டால் அடித்தளம் எதிர்க்கும். ஆழத்தை மட்டும் அளப்பது வீண், கொள்ளளவு வேண்டும். நுண்மணல் நிரப்பி, மட்டம் தட்டி, மணலை நிறுக்கலாம்.

ஜூன் 7
ஒரு குடைச்சல். வேகமாக மோதினால் களிமண் கூடுதலாக எதிர்க்கும். அலுமினியக் குழி சற்றே சிறிதாகத்தான் வரும். முரணான ஒன்று போதும் என்றால், இது எதைத் தள்ளுகிறது? லைப்னிட்ஸையா, களிமண் எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி எதிர்க்கும் என்ற நம் நினைப்பையா?

ஜூன் 9
1741-இல் பாரிஸ் அறிவியல் கழகச் செயலர் மெரான், லைப்னிட்ஸ் பக்கம் நின்ற ஷாத்லேயை ஏளனம் செய்து கடிதம் அச்சிட்டார். அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸிலிருந்து ஷாத்லேயின் பதில் அச்சாயிற்று. வோல்தேர் மெரான் பக்கம். ஷாத்லேயுடன் கூடவே வாழ்ந்தவர்!

ஜூன் 10
இன்றும் போன் இல்லை.

ஜூன் 12
விசையை நேரத்தால் பெருக்கினால் உந்தம், தூரத்தால் பெருக்கினால் வேகத்தின் வர்க்கம். வெறும் சொற்சண்டை என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் தாலம்பேர் 1743-இல் முடித்துவைத்தார். குழி இருக்கிறதே, அது சொல்லா?

ஜூன் 13
ஈரம்தான் பிரச்சினை. இரண்டு குண்டும் ஒரே தட்டில், ஒன்றையடுத்து உடனே விழ வேண்டும். இடையே மேற்பரப்பு காய்ந்தால் ஒப்பீடு போச்சு. ஈரத்துணி