அப்புறம் பார்க்கலாம், ஆச்சி

"இந்தச் செவ்வாக்கிழமை மாத்திரையை விட்டுடலாமா ஆத்தா?" என்று ஆச்சி கேட்டார்கள். "மொதல்ல சாப்பாட்டைச் சரி பண்ணுவோம் ஆச்சி, அதை அப்புறம் பார்க்கலாம்" என்றேன். பேச்சு அவ்வளவுதான். இரண்டு வருடமாகியும் அந்த இரண்டு வரியைத் தாண்டி என்னால் வரமுடியவில்லை.

நம் பக்கத்தில் 'அப்புறம் பார்க்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். கடன் கேட்டு வந்தவரிடம் சொல்வது, பிடிக்காத சம்பந்தத்துக்குச் சொல்வது. நான் அப்படித்தான் சொன்னேன். சாப்பாடு சரியானால் மாத்திரை வேண்டியதில்லை என்று ஆச்சி எடுத்துக்கொண்டு, மாத்திரையை விட்டுவிட்டார்கள்.

ஆச்சிக்கு முடக்குவாதம், மூட்டுகளை வீங்கவைத்து அரிக்கும் நோய். வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமையில், மெதோட்ரெக்ஸேட் மாத்திரை, வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட். செவ்வாய்க்கிழமை மாத்திரை போட்டால் மறுநாள் முழுக்கக் குமட்டும். அமெரிக்காவில் இருக்கும் மகன், ஃபங்ஷனல் மெடிசின் ஆலோசகர் ஒருவரிடம் வீடியோவில் பேச வைத்திருந்தார். 1991-ல் ஜெஃப்ரி பிளாண்ட் அங்கே இதற்கென ஒரு நிறுவனம் தொடங்கியதிலிருந்து பரவிய முறை இது. நோயின் பெயரை விட அதன் வேரைத் தேடு, குடலைப் பார், உணவைப் பார், தூக்கத்தைப் பார் என்பார்கள். ஆறு வாரத்துக்குக் கோதுமை, பால், முட்டை, சோயா, சர்க்கரை கிடையாது. தக்காளி, கத்தரிக்காய், மிளகாயும் கிடையாது. காரைக்குடிச் சமையலறையில் மிளகாயை நிறுத்து என்பது சின்னப் பேச்சா? ஆச்சி நிறுத்தினார்கள். அந்தப் பட்டியலை நம் சாப்பாட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரத்தான் டயட்டீசியனான என்னிடம் வந்தார்கள். மிளகும் சீரகமும் வைத்துக் குழம்பு, மீன், கீரை, சர்க்கரை இல்லாமல் கவுனி அரிசி என்று ஆசையாக எழுதிக்கொடுத்தேன்.

அதில் தப்பில்லை என்று இன்றும் நம்புகிறேன். கோதுமையில் உள்ள குளூட்டன் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய்க்குக் கோதுமையை விடுவதே வைத்தியம். முடக்குவாதத்தில் அப்படி இல்லை. மீன், காய்கறி மிகுந்த சாப்பாடு சிலருக்கு வலியைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் மூட்டு எலும்பு அரிக்கப்படுவதைத் தடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அதற்குத்தான் அந்த மாத்திரை. இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும்.

ஒரு மாதம் கழித்து ஆச்சி சிரித்துக்கொண்டே வந்தார்கள். எடை குறைந்திருந்தது, நல்ல தூக்கம், வலியும் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. மெதோட்ரெக்ஸேட்டின் பலன் வாரக்கணக்கில் மெல்ல ஏறும். நிறுத்தினாலும் அன்றே போய்விடாது. விட்ட மாத்திரையின் மிச்சத்தில் அவர்கள் நடந்துகொண்டிருந்திருக்கலாம். மாத்திரை போடுறீங்களா என்று நான் கேட்கவில்லை. 'அப்புறம்' என்ற சொல்லைவிட இந்தக் கேட்காமைதான் உறுத்துகிறது.

மருந்து என் வேலை இல்லை, டயட்டீசியன் மருந்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். சரி, "டாக்டரைக் கேக்காம விடாதீங்க ஆச்சி" என்று சொல்ல எந்த அதிகாரம் வேண்டும்? உண்மையில், மாத்திரையை விடலாமா என்று கேட்பதற்குச் சற்று முன்தான் ஆச்சி சொல்லியிருந்தார்கள்: "இத்தனை வருஷத்துல அந்த வீடியோப் பிள்ளைதான் ஒரு மணி நேரம் உக்காந்து எங்கதையைக் கேட்டான்." எங்கள் கிளினிக்கில் ஆளுக்கு ஐந்து நிமிடம். காதுகொடுத்துக் கேட்ட பக்கத்திலேயே நானும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த நேரத்தில் மாத்திரையைப் பற்றிக் கண்டிப்பாகப் பேச வாய் வரவில்லை.

நான்காவது மாதம் மணிக்கட்டு வீங்கி வந்தார்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஈஎஸ்ஆர் இரண்டும் ஏறிக் கிடந்தன. டாக்டர் மறுபடி மாத்திரையைத் தொடங்கினார். வீக்கம் வடிந்தது. வலது கையில் இரண்டு விரல் மட்டும் முழுதாக மடங்குவதில்லை. ஆச்சி கொட்டான் என்னும் ஓலைக்கூடை முடைகிறவர்கள், இப்போது ஓலையை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. மாத்திரையை விடாமல் இருந்தாலும் அந்த விரல்கள் போயிருக்கலாம் என்றார் டாக்டர். என்னைத் தேற்றச் சொன்னாரா, உண்மையே அதுதானா, நான் கேட்கவில்லை.

ஆச்சிக்கு யார் மேலும் வருத்தமில்லை. கோதுமை இன்னும் தொடுவதில்லை, அதனால்தான் வயிறு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். இருக்கலாம். போன மாதம் வந்தபோது, "பணியாரத்துக்கு ரெண்டு மொளகா கிள்ளிப் போட்டுக்கவா ஆத்தா?" என்றார்கள்.

"போட்டுக்கங்க ஆச்சி. இந்தச் செவ்வாக்கிழமை மாத்திரை போட்டீங்களா?"

"வந்ததுலேருந்து மூணு தரம் கேட்டுட்டே ஆத்தா" என்றார்கள்.